வாங்குபவரின் தெருவிலிருந்து தொடங்குங்கள்: டெல்டாவிலிருந்து இணையத்தில் விற்கத் தொடங்குகிறவர்களுக்கு

கும்பகோணத்தில் இருந்துகொண்டு நாச்சியார்கோயில் குத்துவிளக்கும் தஞ்சாவூர்ப் பொம்மையும் இணையத்தில் விற்கிறேன். தொடங்கிய முதல் மாதம் ஆலங்குடியிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. குரு பகவான் கோயில் உள்ள ஆலங்குடி எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. வாட்ஸ்அப்பில் வந்த முகவரியில் பின்கோடு இல்லை. பக்கத்து ஊர்தானே என்று 612801 என நானே எழுதி அனுப்பிவிட்டேன். வாங்கியவர் இருந்தது புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடியில். அதன் பின்கோடு 622301. ஆறு நாள் சுற்றிவிட்டு விளக்கு என் வாசலுக்கே திரும்பி வந்தது. அதற்குள் அவர்கள் வீட்டுக் கிரகப்பிரவேசம் முடிந்துவிட்டது. அந்த அம்மா கோபப்படவில்லை. "காமாட்சி விளக்கை வைத்துப் பால் காய்ச்சிவிட்டோம், பரவாயில்லை" என்றார். அந்தப் "பரவாயில்லை" இன்றும் என்னை உறுத்துகிறது.

பொருளை எப்படிப் படம் எடுப்பது, எப்படி விளம்பரம் செய்வது என்று சொல்லித்தர ஊருக்கு நான்கு பேர் இருக்கிறார்கள். அனுப்புவதைச் சொல்லித்தர ஆள் இல்லை. புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான்: எந்தக் கூரியர் மலிவு? அதைக் கடைசியில் கேளுங்கள். முதலில் கேட்க வேண்டியது, இந்தப் பார்சல் இறங்கப்போகும் தெருவுக்குத் தினமும் போய்வருகிறவர் யார் என்பது. அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் விலையும் எடையும் கட்டும் முறையும் தானாகப் பின்னால் வரும்.

கடிதம் குறைந்தது, பாதை இருக்கிறது

"தபால் ஆபீஸா? அதெல்லாம் யார் போகிறார்கள்?" என்று இளைஞர்கள் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. மார்கழி பாதியில் கடைத்தெருவில் கயிறு கட்டிப் பொங்கல் வாழ்த்து அட்டைகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். கரும்பு, மாட்டுவண்டி, நடிகர் படம் என்று தேடித்தேடி வாங்கி, உறவுக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒன்று அனுப்புவோம். போகி வரைக்கும் தபால்காரர் தோள்பை போதாமல் கையிலும் ஒரு கட்டு தூக்கி வருவார். அது போய்விட்டது. தந்தி 2013 ஜூலையில் நின்றது. பதிவுத் தபால் 2011-12இல் 24.44 கோடியாக இருந்தது, 2019-20இல் 18.46 கோடியாகக் குறைந்தது. 2025இல் அது தனிச் சேவையாக இல்லாமல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்க்கப்பட்டுவிட்டது. டென்மார்க்கில் இன்னும் ஒரு படி மேலே போய், நானூறு ஆண்டுப் பழைமை உள்ள அஞ்சல் சேவை 2025 டிசம்பர் 30ஆம் தேதியோடு கடிதம் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. அந்த நாட்டில் 2000ஆம் ஆண்டில் ஏறத்தாழ 140 கோடியாக இருந்த கடிதங்கள் 2024இல் 11 கோடிக்கு வந்திருந்தன. கடிதத்தை விட்டுவிட்டுப் பார்சலை மட்டும் அந்த நிறுவனம் வைத்துக்கொண்டது.

நமக்கு வேண்டியது அந்தக் கடைசிச் செய்திதான். இந்தியாவில் ஏறத்தாழ 1.65 லட்சம் அஞ்சலகங்கள் இருக்கின்றன. அவற்றில் பத்துக்கு ஒன்பது, கிராமங்களில் உள்ளவை. கடிதம் போட்டுப் போட்டு உண்டான அந்தப் பாதைகளில் இன்றும் ஒருவர் சைக்கிளிலோ வண்டியிலோ போய்வந்துகொண்டிருக்கிறார். வாய்க்கால் கரையோரம் இருக்கிற கீழத் தெருவின் கடைசி வீடுவரை அவருக்குப் பெயர் தெரியும். அந்த அறிவை எந்தச் செயலியும் இன்னும் சம்பாதிக்கவில்லை.

இதை நான் சோதித்தே தெரிந்துகொண்டேன். கோடியக்கரைப் பக்கம் என் பெரியம்மா வீடு. ஒரே நாளில் இரண்டு பெட்டிகள், ஒன்று தனியார் கூரியரில், ஒன்று ஸ்பீட் போஸ்ட்டில், அவர் பெயருக்கு அனுப்பினேன். கூரியர் இரண்டாம் நாளே வேதாரண்யம் போய்விட்டது. அங்கிருந்து பெரியம்மாவுக்குப் போன்: "பார்சல் வந்திருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்." எழுபது வயதில் அவர் பஸ் ஏறி வர வேண்டுமாம். அஞ்சல் பெட்டி நான்காம் நாள் வந்தது. தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனாராம்.

சென்னையிலும் பெங்களூரிலும் கதை தலைகீழ். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் அடுக்குமாடி வீட்டுக்குத் தபால்காரர் பகலில் வருகிறார். பூட்டியிருந்தால் அறிவிப்புச் சீட்டு வைத்துவிட்டுப் போகிறார். யாரும் போய் வாங்காவிட்டால் பெட்டி நமக்கே திரும்புகிறது. அங்கே மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வருகிற, காவலாளியிடம் கொடுத்துப் படம் எடுத்து அனுப்புகிற கூரியர்தான் சரி. இரண்டில் ஒன்றைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: முகவரி

டெல்டா முகவரிகளுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. ஊர் தவறாமல் வடக்குத் தெரு, தெற்குத் தெரு, மேலத் தெரு, கீழத் தெரு, ஒரு சன்னதித் தெரு. கதவு எண் இருக்கும், ஆனால் எவரும் சொல்லமாட்டார்கள். ஊர்ப் பெயர்களும் மாவட்டத்துக்கு மாவட்டம் இரட்டிக்கும்: ஆலங்குடி இரண்டு, சிக்கல் நாகப்பட்டினத்தில் ஒன்று, ராமநாதபுரத்தில் ஒன்று. ஆகவே முகவரியை வாங்கும்போது ஆறு விஷயங்களைக் கேளுங்கள்: பெயர், வீட்டு எண்ணும் தெருவும், ஊர், எந்த அஞ்சல், வட்டமும் மாவட்டமும், பின்கோடு. இரண்டு கைப்பேசி எண்கள் வாங்குங்கள்; ஒன்று வீட்டில் இருப்பவருடையதாக இருக்கட்டும். வெளியூரில் வேலை பார்க்கும் மகன் ஆர்டர் போட்டு அம்மா வீட்டுக்கு அனுப்பச் சொல்வது எங்களுக்கு மிகச் சாதாரணம். தபால்காரர் போன் செய்தால் துபாயில் மணி அடித்து என்ன பயன்?

"அஞ்சல்" என்ற சொல்லை லேசாக நினைக்காதீர்கள். பல கிராமங்களுக்குச் சொந்த அஞ்சலகம் கிடையாது, பக்கத்து ஊர் அஞ்சலகத்தின் கீழ் வரும். அந்தப் பெயர் இருந்தால்தான் தபால் பை சரியான இடத்தில் பிரியும்.

பின்கோடு 1972 ஆகஸ்ட் 15இல் நடைமுறைக்கு வந்தது. முதல் எண் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி. முதல் மூன்று எண்கள் எந்தப் பகுதியில் கடிதம் பிரிக்கப்பட வேண்டும் என்பதைச் சொல்கின்றன. கடைசி மூன்று, வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் அஞ்சலகம். 609 மயிலாடுதுறைப் பக்கம், 610 திருவாரூர், 611 நாகப்பட்டினம், 612 கும்பகோணம், 613 தஞ்சாவூர், 614 மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம். இதை மனப்பாடம் செய்துவிட்டால் வாட்ஸ்அப்பில் வருகிற முகவரியில் ஊரும் எண்ணும் ஒத்துப்போகவில்லை என்று பார்த்தவுடன் பிடித்துவிடலாம். ஆனால் விடுபட்ட எண்ணை நீங்களாக எழுதாதீர்கள். கேட்டு வாங்குங்கள்.

காரைக்காலுக்கு அனுப்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் பின்கோடும் 609இல்தான் தொடங்குகிறது, பேருந்தில் போனால் எல்லை தாண்டியதே தெரியாது. ஆனால் அது புதுச்சேரி யூனியன் பிரதேசம். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சிறு வியாபாரிகள் 2023 அக்டோபர் 1 முதல் அமேசான், ஃபிளிப்கார்ட், மீஷோ போன்ற தளங்கள் வழியாக மாநிலத்துக்குள் விற்கலாம் என்று அனுமதி வந்தது. அந்தக் கணக்கில் காரைக்கால் வெளி மாநிலம். வரி விஷயங்களை உங்கள் கணக்காளரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுங்கள்; நான் அதற்குள் போகவில்லை.

அஞ்சல் துறை 2025இல் டிஜிபின் என்று ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறது. நாட்டை ஏறத்தாழ நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த பத்து இடக் குறியீடு. வயலுக்கு நடுவே தனியாக இருக்கிற வீட்டுக்கு இது நல்ல துணை. பின்கோட்டை எடுத்துவிட்டு இதை எழுதக் கூடாது, கூடவே எழுதலாம்.

தராசும் டேப்பும்

பத்து கிலோ வரை நிறுக்கும் ஒரு டிஜிட்டல் தராசு, தையல்காரர் வைத்திருக்கும் அளவு டேப் ஒன்று. இவை இல்லாமல் விலை போடாதீர்கள். அனுப்பும் செலவைக் கண்ணால் மதிப்பிட்டு நஷ்டப்பட்டவர்களை எனக்கு நிறையத் தெரியும்.

பார்சலுக்கு இரண்டு எடைகள் உண்டு. ஒன்று தராசு காட்டுவது. இன்னொன்று, பெட்டி அடைக்கும் இடத்துக்கான எடை. கூரியர்க் கடையில் வால்யூம் வெயிட் என்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5,000ஆல் வகுப்பார்கள். சில நிறுவனங்களில் வகுக்கும் எண் வேறு, கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு எடைகளில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம்.

என் இரண்டு சரக்குகளும் இதற்கு நேரெதிர் உதாரணங்கள். ஓரடி உயரக் குத்துவிளக்கைப் பாதம், தண்டு, தட்டு, மேலே அன்னம் என்று கழற்றிவிடலாம். கழற்றி அடுக்கினால் 25, 20, 12 சென்டிமீட்டர் பெட்டிக்குள் அடங்கும். பெருக்கி வகுத்தால் 1.2 கிலோ. தராசில் வைத்தால் இரண்டு கிலோவுக்கு மேல். இங்கே தராசுதான் பேசும். பெட்டியைச் சுருக்கி லாபமில்லை, கூடுதலாகக் காகிதம் திணித்துப் பத்திரமாக அனுப்பலாம்.

நாட்டியப் பொம்மை வேறு ரகம். முழுப் பொம்மையும் பெட்டியும் சேர்ந்து முக்கால் கிலோகூட வராது. முதலில் நான் அதை நின்ற வாக்கிலேயே 25, 25, 35 பெட்டியில் வைத்தேன். பெருக்கி வகுத்துப் பாருங்கள்: 4.37 கிலோ. முக்கால் கிலோ பொம்மைக்கு நாலரைக் கிலோ கட்டணம் கட்டிக்கொண்டிருந்தேன். தஞ்சாவூரில் பொம்மை செய்யும் பெரியவர் ஒருவர்தான் வழி காட்டினார். பொம்மையின் தலை, உடல், பாவாடை மூன்றும் தனித்தனி. கம்பியில் ஒன்றன்மேல் ஒன்று நிற்பதால்தான் ஆடுகிறது. பாவாடையின் உட்புறம் கூடு. அந்தக் கூட்டுக்குள் பஞ்சுத்தாளில் சுற்றிய உடலைப் படுக்கவைத்து, தலையைத் தனிச் சிறு டப்பாவில் போட்டு ஓரத்தில் செருகினார். பெட்டி 22, 22, 20 ஆகிவிட்டது. 1.94 கிலோ. பொம்மையைச் சேர்க்கும் விதத்தை ஒரு சிறு காணொளியாக எடுத்து வாங்கியவருக்கு அனுப்பிவிடுகிறேன். பிள்ளைகள் தாங்களே பூட்டிப் பார்ப்பதில் தனி மகிழ்ச்சியாம்.

எதற்கு எது

500 கிராமுக்குள் அடங்கும் ஆவணங்களுக்கு ஸ்பீட் போஸ்ட் விலை 2025 அக்டோபர் 1 முதல் மாறியிருக்கிறது. 50 கிராம் வரை உள்ளூருக்கு 19 ரூபாய், வெளியூர் எங்கே போனாலும் 47 ரூபாய். 251 முதல் 500 கிராம் வரை உள்ளூருக்கு 28, இருநூறு கிலோமீட்டருக்குள் 70, சென்னைத் தொலைவுக்கு 75, இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டினால் 93. இவற்றோடு ஜி.எஸ்.டி. தனி. பார்சலாகப் போகும் சரக்குக்கு எடையும் தூரமும் பார்த்து வேறு அட்டவணை. அஞ்சல் துறையின் தளத்தில் இரு பின்கோடுகளையும் எடையையும் கொடுத்தால் கட்டணம் தெரிந்துவிடும். நான் ஐந்து ஊர்களுக்கு ஐந்து எடைகளுக்கான கட்டணத்தை அட்டையில் எழுதி மேசைக்கு மேல் ஒட்டியிருக்கிறேன். அஞ்சலகக் கட்டணமும் இரண்டு கூரியர்களின் கட்டணமும் பக்கம் பக்கமாக இருக்கும். ஆர்டர் வந்தால் ஒரு பார்வை போதும்.

திருபுவனம் பட்டு, கூறைநாட்டுச் சேலை போல விலை அதிகம், எடை குறைவு என்றால் ஸ்பீட் போஸ்ட்டில் இரண்டு கூடுதல் வசதிகளையும் கேட்டு வாங்குங்கள். பதிவு வேண்டும் என்று சொன்னால் ஐந்து ரூபாய், ஓ.டி.பி. சொன்னால்தான் கொடுக்க வேண்டும் என்றால் ஐந்து ரூபாய், வரி தனி. பழைய பதிவுத் தபாலின் உயிர் இந்த ஐந்து ரூபாய்க்குள்தான் இப்போது இருக்கிறது: பெயருக்குரியவர் கையிலோ அவர் எழுதிக்கொடுத்தவர் கையிலோதான் போகும். காப்பீடும் கேளுங்கள். காப்பீடு இல்லாத ஸ்பீட் போஸ்ட் தொலைந்தால் கட்டணத்தின் இரு மடங்கு அல்லது ஆயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான் இழப்பீடு என்பது நெடுநாள் விதி. பதினைந்தாயிரம் ரூபாய்ச் சேலையை அந்த விதியை நம்பி அனுப்பக் கூடாது. தனியார் கூரியரிலும் ரசீதின் பின்பக்கத்தில் இதுபோல ஒரு வரம்பு சிறிய எழுத்தில் இருக்கும். படித்துப் பாருங்கள்.

மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, தூயமல்லி விற்கிறவர்கள்தான் அனுப்பும் செலவில் அதிகம் அடிபடுகிறார்கள். ஐந்து கிலோ அரிசியின் லாபத்தைக் கூரியர் முழுங்கிவிடும். இருபத்தைந்து கிலோ மூட்டை என்றால் லாரி பார்சல்தான். ஆனால் அது கிடங்கிலிருந்து கிடங்கு, வாங்குபவர் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். சில்லறையாக விற்பதானால் அரிசியின் விலையையும் அனுப்பும் கூலியையும் தனித்தனியே காட்டுங்கள். "இலவச டெலிவரி" என்று போட்டு அரிசி விலையை ஏற்றினால் பக்கத்து மளிகைக் கடையோடு ஒப்பிட்டு உங்கள் அரிசி விலை அதிகம் என்று நினைத்துக்கொள்வார்கள். பாரம்பரிய நெல்லைக் காப்பாற்ற இவ்வளவு பேர் பாடுபட்டபின் அதற்கு அந்தப் பெயர் வரக் கூடாது.

வெற்றிலைக்கு அஞ்சலும் வேண்டாம், கூரியரும் வேண்டாம். கவுளி கவுளியாக வாழைமட்டையில் கட்டி இரவுப் பஸ்ஸில் ஏற்றி, விடிந்ததும் இறக்கிக்கொள்கிற பழைய வழிதான் இன்றும் சரி.

புத்தகம் விற்கிறவர்களுக்கு ஒரு செய்தி. பழைய புத்தக அஞ்சல் 2024 டிசம்பரில் நின்றது பெரிய அடி. அடுத்த ஆண்டு மே 1இல் ஞான் போஸ்ட் வந்தது: 300 கிராம் வரை 20 ரூபாய், ஐந்து கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரைவழிதான், மெதுவாகப் போகும், ஆனால் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் புத்தகத்தில் இருக்க வேண்டும். விளம்பரம் நிறைந்த வெளியீடுகளுக்குப் பொருந்தாது.

கூரியர்களைப் பொறுத்தவரை, ஷிப்ராக்கெட் போன்ற தளத்தில் ஒரு கணக்குத் தொடங்கினால் பல கூரியர்களின் விலையை ஒரே இடத்தில் பார்க்கலாம், வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்வார்கள். மாதம் முப்பது பார்சல் போகத் தொடங்கியபின் இதைச் செய்யுங்கள். அதற்கு முன் பக்கத்துக் கூரியர்க் கிளைக்கு நேரில் போவதே மேல். உரிமையாளரோடு முகப்பழக்கம் வரும், பிரச்சினை வந்தால் அந்த முகம் உதவும். எந்தத் தளத்திலும் "இந்தப் பின்கோட்டுக்குச் சேவை உண்டு" என்று பச்சை நிறத்தில் காட்டினால் உடனே நம்பாதீர்கள். என் பெரியம்மா ஊருக்கும் பச்சைதான் காட்டியது. கிளைக்குப் போன் செய்து, "வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பீர்களா?" என்று கேளுங்கள்.

கட்டுதல்

ஒரே ஒரு சோதனை. கட்டிய பெட்டியை இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுங்கள். மனம் பதறினால் பிரித்து மறுபடி கட்டுங்கள். வழியில் அது அதைவிட அதிகமாகவே விழும்.

பித்தளைக்கு உடைவது பயமில்லை, கீறல்தான் பயம். ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றி, இடையில் அட்டை செருகுங்கள். அன்னத்தின் அலகு முதலில் வளையும். அதைத் தனியே பபிள் ராப்பில் சுற்றுங்கள். கனமான பாகம் பெட்டியின் அடியில், நடுவில் இருக்கட்டும். பித்தளைக்கு மூன்றடுக்கு அட்டைப்பெட்டி கிழியும், ஐந்தடுக்கு வாங்குங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை. டெல்டாவில் அந்த மூன்று மாதமும் காற்றே ஈரம். பெட்டிக்கு வெளியே பாலித்தீன் சுற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள், அது கிழிந்துவிடும். பொருளைப் பெட்டிக்குள்ளேயே ஒரு பாலித்தீன் உறையில் வைத்து ஒட்டுங்கள். முகவரிச் சீட்டின்மேல் அகலமான ஒளிபுகும் டேப் முழுவதுமாக ஒட்டுங்கள். பேனா மையால் எழுதிய முகவரி ஒரு தூறலில் கரைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். பெட்டிக்கு உள்ளேயும் முகவரிச் சீட்டு ஒன்று போடுங்கள்.

பூஜைப் பொருள் விற்கிறவர்களுக்கு முக்கியமான எச்சரிக்கை. விளக்கு வாங்கியவருக்கு அன்பாக ஒரு கற்பூரப் பொட்டலமும் தீப்பெட்டியும் சேர்த்து வைக்க ஆசை வரும். வைக்கவே கூடாது. இரண்டும் எளிதில் தீப்பற்றுபவை, தூரத்துப் பார்சல் விமானத்தில் போகலாம். எண்ணெய்ப் புட்டியும் அப்படியே; கசிந்தால் பக்கத்துப் பெட்டியில் இருக்கிற யாரோ ஒருவரின் சேலையும் பாழ். திரி போடுங்கள், குங்குமம் போடுங்கள்.

எங்கள் ஊரில் பொம்மைக்கு வைக்கோல் திணிப்பது பரம்பரை வழக்கம். உள்ளூருக்கு, நன்கு காய்ந்த வைக்கோல் என்றால் சரி. வெளிநாட்டுக்கு ஒரு தாள் வைக்கோல்கூடப் போகக் கூடாது. ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் செடி கொடிப் பொருளில் கட்டிய பார்சலை நிறுத்திவிடுவார்கள்.

டெலிவரியின்போது பணம்

இது புதிய ஏற்பாடு என்று பலர் நினைக்கிறார்கள். தபால்காரர் பார்சலைக் கொடுத்துப் பணம் வாங்கி வியாபாரிக்கு அனுப்பும் வி.பி.பி. முறை நம் தாத்தா காலத்திலேயே இருந்தது. மருந்தும் பஞ்சாங்கமும் புத்தகமும் அப்படித்தான் ஊர் ஊராகப் போயின. அன்றைக்கும் இன்றைக்கும் ஆபத்து ஒன்றே. வாங்க மறுத்தால் போக வரச் செலவு இரண்டும் உங்கள் தலையில்.

முதல் ஆறு மாதம் இதை வைக்காதீர்கள் என்பது என் திடமான கருத்து. நம்பிக்கை இல்லாத வாடிக்கையாளருக்கு வேறு வழி இருக்கிறது: அனுப்பும் கூலியை மட்டும் முன்பணமாக யு.பி.ஐ.யில் வாங்குங்கள், கட்டிய பெட்டியைப் படம் எடுத்து அனுப்புங்கள், மீதியை அதன்பின் வாங்குங்கள். கூலி கட்டியவர் பார்சலைத் திருப்பி அனுப்புவதில்லை. பெரிய தளங்களில் விற்றால் இதை நீங்கள் முடிவு செய்ய முடியாது. அங்கே ஆர்டர் வந்தவுடன் ஒரு போன் செய்து முகவரியை உறுதிசெய்வதே திரும்பி வருவதைப் பாதியாக்கும்.

நாள் பார்த்து அனுப்புங்கள்

கொலு பொம்மைக்கு மகாளய அமாவாசை கெடு. அன்றைக்கே படி கட்டத் தொடங்கிவிடுவார்கள். அதற்குப் பத்து நாள் முன்பே ஆர்டரை நிறுத்திவிடுகிறேன். கடைசி வாரத்தில் வரும் பணத்தைவிட, கொலு முடிந்து போய்ச்சேரும் பொம்மையால் கெடும் பெயர் பெரிது. நவராத்திரி முடிந்தவுடன் தீபாவளி நெருக்கடி, கூடவே மழை. அந்த நாட்களில் இரண்டு நாள் என்று சொல்லும் கூரியருக்கு ஐந்து நாள் என்று வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள்.

அஞ்சலகத்தில் பை மூடும் நேரம் என்று ஒன்று உண்டு. மாலை கவுன்ட்டர் திறந்திருந்தாலும் அன்றைய பை போயிருந்தால் உங்கள் பார்சல் மறுநாள்தான் கிளம்பும். உங்கள் அஞ்சலகத்தில் எத்தனை மணிக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போங்கள். ஐந்து பார்சலுக்கு மேல் இருந்தால் மதியச் சாப்பாட்டு நேரத்தை ஒட்டிப் போகாதீர்கள். பென்ஷன் வாங்க வந்த பெரியவர்கள் உங்களுக்குப் பின்னால் கால் கடுக்க நிற்பார்கள்.

கடல் தாண்டி

சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா என்று நம் விளக்குக்கும் பொம்மைக்கும் ஏங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அஞ்சல் துறை 2022 முதல் டாக் கர் நிர்யாத் கேந்திரா என்ற ஏற்றுமதி மையங்களை நடத்துகிறது. வணிகத்துக்காக அனுப்புகிறவர் ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டு எண் (ஐ.இ.சி.) வாங்கி அதில் பதிவுசெய்தால் சுங்கப் படிவத்தையும் முகவரிச் சீட்டையும் வீட்டிலிருந்தே அச்சிட்டுக்கொள்ளலாம். ஆனால் நாடுகளின் விதிகள் ஓரிரவில் மாறும். 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா சிறு பார்சல்களுக்கான வரிவிலக்கை நீக்கியபோது அங்கே செல்லும் பார்சல்களை இந்திய அஞ்சல் துறை நிறுத்திவைத்து, அக்டோபர் 15இல்தான் மீண்டும் தொடங்கியது. வரியை அனுப்புகிறவரே முன்கூட்டிக் கட்டும் ஏற்பாட்டோடு. வெளிநாட்டு ஆர்டருக்குப் பணம் வாங்குவதற்கு முன் அன்றைய நிலவரத்தைக் கேட்டுவிடுங்கள். கோயில் சிலை போலத் தோன்றும் உலோகப் படிமம் என்றால் அது பழம்பொருள் அல்ல என்ற சான்றும் தேவைப்படும்.

ரசீது

ஸ்பீட் போஸ்ட் ரசீதில் உள்ள எண்ணுக்குப் பதிமூன்று இடம்: முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் IN. அந்த எண் சரியாக அச்சாகியிருக்கிறதா, பின்கோடு நீங்கள் எழுதியதுதானா என்று கவுன்ட்டரை விட்டு நகருமுன் படித்துப் பாருங்கள். தவறு இருந்தால் அங்கேயே திருத்திக் கொடுப்பார்கள். பை போனபின் திருத்த முடியாது. எண்ணை அன்றே வாடிக்கையாளருக்கு அனுப்புங்கள். மூன்று நாள் அசையாமல் ஒரே இடத்தில் நின்றால் காத்திருக்காதீர்கள், 1800 266 6868க்குப் பேசிப் புகார் எண் வாங்குங்கள், அல்லது அஞ்சல் துறைத் தளத்தில் பதிவுசெய்யுங்கள். கூரியர் என்றால் அனுப்பிய கிளைக்கே நேரில் போங்கள்.

புகாருக்கு ரசீது கேட்பார்கள். அந்த வழுவழுப்புத் தாளில் அச்சாகும் எழுத்து வெயிலிலும் சட்டைப் பை வியர்வையிலும் சில வாரங்களில் வெளிறிவிடும். கவுன்ட்டரில் நிற்கும்போதே கைப்பேசியில் படம் எடுத்து, வாங்கியவரின் பெயரில் சேமித்துவிடுங்கள்.